முடிக்காத தொடரை நம்பி முதல் பாகம் வாங்கலாமா?

கெடிலக்கரையான் | மஞ்சக்குப்பம், கடலூர்

போன ஞாயிறு அலமாரியைத் தூசி தட்டும்போது ஒரு கணக்குப் போட்டேன், போட்டிருக்கக் கூடாது. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் டிராகன் கதைப் புத்தகங்கள் ஐந்தும் வரிசையாக நிற்கின்றன. முதலாவது 1996இல் வந்தது, ஐந்தாவது 2011 ஜூலையில். அந்த வருடம் டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் அடித்ததே, அன்றைக்கு ஓடு பிய்ந்துகொண்டு போய் வீட்டுக்குள் மழை இறங்கியதில் நனைந்தது அந்த ஐந்தாவது பாகம்தான், இன்னும் அட்டை உப்பிக்கொண்டு நிற்கிறது. அதற்கப்புறம் 2015 வெள்ளம் வந்தது, கொரோனா வந்தது, 2024இல் ஃபெஞ்சல் வந்தது. ஆறாவது பாகம் மட்டும் வரவில்லை. இதற்குள் இதே கதையைத் தொலைக்காட்சிக்காரர்கள் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்று 2011இல் ஆரம்பித்து 2019இல் முடித்தும் விட்டார்கள். எழுதியவரை முந்திக்கொண்டு போய் முடித்த கூத்து அது, அந்த முடிவைப் பற்றி நான் பேசுவதாக இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். அக்கா மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். பாட்ரிக் ராத்ஃபஸின் முதல் புத்தகம் வேண்டும் என்கிறான். நல்ல புத்தகம், பொய் சொல்ல மாட்டேன், இரண்டு ராத்திரி தூங்காமல் படித்தேன். நாயகன் தன் கதையை மூன்று நாளில் சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டு உட்காருவான், ஒரு நாளுக்கு ஒரு புத்தகம். முதல் நாள் 2007இல் வந்தது, இரண்டாம் நாள் 2011இல். மூன்றாம் நாள் இன்னும் விடியவில்லை.

வேண்டாம்டா என்றேன். "ஏன் மாமா, நல்லா இல்லையா?" என்றான். நன்றாக இருப்பதுதான் பிரச்சினை என்று ஒரு பதினாறு வயதுப் பையனிடம் எப்படிச் சொல்வது?

என் கட்சி நேரடியானது. தொடர் என்று சொல்லி முதல் பாகத்தை விற்றால் முடித்துக் கொடுக்க வேண்டும். லிண்டல் மட்டத்தில் வேலையை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போன மேஸ்திரியை நாம் என்ன சொல்வோம்? அதையே இங்கேயும் சொல்லலாம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?


புஸ்ஸி வீதி | புதுச்சேரி

மேஸ்திரிக்கு அட்வான்ஸ் கொடுத்தீர்கள். மார்ட்டினுக்குக் கொடுத்தீர்களா? ஐந்து புத்தகம் வாங்கினீர்கள், ஐந்துக்கும் பில் இருக்கிறது, ஐந்தும் கையில் இருக்கின்றன. ஆறாவதுக்கு நீங்கள் இன்னும் ஒரு ரூபாய்கூடத் தரவில்லையே.


வாடகைநூலகம் | திருப்பாப்புலியூர்

தம்பி, நான் 22 வருடம் வாடகை நூலகம் நடத்தியவன். பாகம் பாகமாக வரும் புத்தகத்தின் கஷ்டம் எங்களை மாதிரி ஆட்களைக் கேட்டால் தெரியும். ஐந்து பாகத்தில் ஒன்று திரும்பி வராவிட்டால் மிச்சம் நாலும் செத்த மாதிரி, யாரும் தொட மாட்டார்கள். பொன்னியின் செல்வன் மூன்றாம் பாகத்தை எடுத்துக்கொண்டு போன ஒருவர் 50 ரூபாய் டெபாசிட்டை எனக்கே விட்டுவிட்டு வேலை மாற்றலில் ஊரைவிட்டே போய்விட்டார். வேறு பிரதி வாங்கி வைக்க எனக்கு எட்டு மாதம் ஆயிற்று. அந்த எட்டு மாதமும் இரண்டாம் பாகத்தை முடித்துவிட்டு வருகிறவர்களுக்கு நான்தான் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு மூன்றாம் பாகத்தை வாயால் சொல்லி அனுப்பினேன். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பெண்கள் மூன்று நாலு பேர் சேர்ந்தே வருவார்கள். சிலர் புத்தகம் வந்த பிறகும் "நீங்களே சொல்லுங்க" என்றார்கள், அது வேறு கதை.

நான் சொல்ல வந்தது, நம் ஊரில் பாதியில் விடுகிற பழக்கம் பத்திரிகைக் காலத்தில் குறைவு. ஏன் என்று நினைக்கிறீர்கள்? எழுதியவர்கள் எல்லாரும் யோக்கியர்கள் என்பதால் இல்லை. வாரா வாரம் அச்சுக்குப் போக வேண்டும், படம் வரைகிறவர் காத்திருப்பார், வியாழக்கிழமை வராவிட்டால் ஆசிரியர் ஆள் அனுப்புவார். நன்றாக வந்ததோ வரவில்லையோ, கதை நகர்ந்தே தீர வேண்டும். கல்கி 1950இலிருந்து 1954 வரை அப்படித்தான் ஓட்டினார். முடித்த பிறகும் வாசகர்கள் அவரை விடவில்லை, அவர் என்ன ஆனார் இவர் என்ன ஆனார் என்று கேட்டு எழுதியதில் தனியாக ஒரு முடிவுரை எழுத வேண்டிவந்தது. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று இன்றைக்கும் டீக்கடையில் சண்டை போடலாம். ஆனாலும் "முற்றும்" போட்டார் இல்லையா?


ஓ.டி. பையன் | கடலூர் முதுநகர்

அண்ணே நீங்கள் எல்லாம் 14 வருடத்துக்கே அழுகிறீர்கள். நான் பெர்செர்க் படிக்கிறவன். 1989இல் ஆரம்பித்த மங்கா (ஜப்பானியப் படக்கதை), வரைந்த கென்டாரோ மியுரா 2021 மே மாதம் 54 வயதில் இறந்துபோனார், கதை நடுக்கடலில். அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை, அம்மா யாருடா செத்தது என்று கேட்டார், என்ன சொல்வது?

அப்புறம் என்ன ஆச்சு தெரியுமா? மியுராவுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து கோஜி மோரி என்று ஒரு நண்பர், அவரும் மங்கா வரைகிறவர். சுமார் 30 வருடத்துக்கு முன்னால் மியுரா முழுக்கதையையும் அவரிடம் சொல்லியிருந்தார். அவர் நினைவில் இருப்பதை வைத்து, மியுராவின் உதவியாளர்களே வரைந்து 2022 ஜூனில் மறுபடி ஆரம்பித்தார்கள். மியுரா என்னிடம் சொன்னதை மட்டும்தான் எழுதுவேன், நானாக எதையும் சேர்க்க மாட்டேன் என்று மோரி முன்னாலேயே அறிவித்துவிட்டார். அதனால் என் ஆலோசனை, எழுத்தாளர்கள் எல்லாரும் ஒரு நண்பனிடம் கதையைச் சொல்லி வைக்கணும்.


முத்தியால்பேட்டை | புதுச்சேரி

இறப்பையும் கைவிடுதலையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள்.

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். நம் ஊர்க் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். பாரதி 1908இலிருந்து 1918 வரை புதுச்சேரியில் இருந்தார். பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகம் 1912இல் வந்தது, இரண்டாம் பாகம் அச்சில் வந்தபோது அவர் உயிரோடு இல்லை. சந்திரிகையின் கதை நாவலோ 1921இல் அவர் போனபோது அப்படியே நின்றுவிட்டது. சின்னச் சங்கரன் கதையும் முடியவில்லை. படித்துப் பாருங்கள், இந்த மனுஷன் இன்னும் பத்து வருடம் இருந்திருந்தால் தமிழ் நாவல் எங்கே போயிருக்கும் என்று வயிறு எரியும்.

கடலூர்க்காரர்கள் ஒருவரை மறந்துவிட்டீர்கள். புதுமைப்பித்தன் பிறந்தது 1906இல் உங்கள் திருப்பாதிரிப்புலியூரில்தான். அவருடைய 'அன்னை இட்ட தீ' முடியாத நாவல். 1948இல் காலமானார். கல்கி விஷயத்தை நண்பர் பாதி சொன்னார். பொன்னியின் செல்வன் முடிந்த அதே 1954ஆம் வருடம், டிசம்பரில் அவர் இறந்தார், அப்போது கையில் 'அமர தாரா' இருந்தது. அவர் வைத்துவிட்டுப் போன குறிப்புகளைக் கொண்டு மகள் ஆனந்தி எழுதி முடித்தார்.

இவர்களில் யார் மேலாவது உங்களுக்குக் கோபம் வருகிறதா? வராது. கோபம் உயிரோடு இருப்பவர் மேல்தான். அதுவும் அவர் வேறு ஏதாவது எழுதினால், ஊர்சுற்றினால், அமெரிக்கக் கால்பந்தாட்டம் பார்த்தேன் என்று இரண்டு வரி எழுதினால் இன்னும் அதிகம். மார்ட்டின் தன் எழுபதுகளில் விளையாட்டுப் பார்ப்பதற்கு நம்மிடம் விடுப்புக் கடிதம் தர வேண்டுமா?


கெடிலக்கரையான் | மஞ்சக்குப்பம், கடலூர்

சார், அந்தக் கால்பந்தாட்டக் கோபம் எனக்கும் வந்தது, ஒப்புக்கொள்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆனால் இறந்தவர்களிலேயே இரண்டு விதம் இருக்கிறதே. 'வீல் ஆஃப் டைம்' தொடர் எழுதிய ராபர்ட் ஜோர்டன் தனக்கு நோய் என்று தெரிந்ததும் அடுத்தவர் முடிக்கட்டும் என்று சொல்லி, குறிப்பெல்லாம் ஒழுங்கு பண்ணி வைத்தார். 2007இல் இறந்தார். அவர் மனைவிதான் அவருக்கு எடிட்டரும், அந்த அம்மா பிராண்டன் சாண்டர்சனைத் தேடிப் பிடித்தார். ஒரே புத்தகம் மிச்சம் என்று நினைத்தது மூன்றாகப் பெருத்து 2009, 2010, 2013 என்று வந்து முடிந்தது. 'டிஸ்க்வேர்ல்ட்' எழுதிய டெர்ரி பிராட்செட் நேர் எதிர். நான் முடிக்காததை யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார், 2017இல் அவருடைய கணினியின் ஹார்ட் டிஸ்க்கைத் தரையில் வைத்து ரோடு ரோலரை ஏற்றினார்கள், நிஜமாகவே, பழைய நீராவி ரோலர். எனக்கு இரண்டு பேர் மேலும் மரியாதைதான். இரண்டு பேரும் ஒரு முடிவைச் சொல்லிவிட்டார்கள். காத்திருக்கணுமா வேண்டாமா என்று தெரிந்துவிடுகிறது. எனக்கு எரிச்சல் அந்த நடுவாந்தரம்தான். வருது, வந்துக்கிட்டே இருக்கு, முக்கால்வாசி முடிஞ்சுது...


வாடகைநூலகம் | திருப்பாப்புலியூர்

ரோடு ரோலரா! நல்ல ஆள்.

டிக்கன்ஸ் விஷயம் தெரியுமா? 'எட்வின் ட்ரூட்' நாவல், மாதம் ஒரு பகுதியாக 12 பகுதி என்று திட்டம், மூன்றே வந்திருந்த நிலையில் 1870 ஜூனில் போய்விட்டார். அதுவும் ஒரு ஆள் காணாமல் போன மர்மக் கதை! செத்தானா, கொன்றது யார், ஒன்றும் தெரியாது. மூன்று வருடம் கழித்து அமெரிக்காவில் ஒரு அச்சுக்கோப்பவர், டிக்கன்ஸின் ஆவி வந்து மிச்சத்தைச் சொல்லியது என்று புத்தகமே போட்டு விற்றார். குறி சொல்கிறவரைக் கூப்பிட்டால் உங்கள் ஆறாவது பாகம் கூடக் கிடைக்கலாம்.


புஸ்ஸி வீதி | புதுச்சேரி

எழுத்தாளர் நிறுத்தாமலேயே நின்ற தொடர்களும் உண்டு. சுஜாதா குமுதத்தில் 'கறுப்பு சிவப்பு வெளுப்பு' என்று 1857 கதையை ஆரம்பித்தார், எதிர்ப்பு கிளம்பி நிறுத்த வேண்டியதாயிற்று. பிறகு 'ரத்தம் ஒரே நிறம்' என்று வேறு வடிவில் எழுதினார். இதற்கு யாரிடம் காசைத் திருப்பிக் கேட்பீர்கள்?

கெடு இருந்தால் முடிப்பார்கள் என்று அண்ணாச்சி சொன்னதோடு எனக்கு உடன்பாடுதான், ஆனால் அது பத்திரிகை ஆசிரியர் வைக்கிற கெடுவாகத்தான் இருக்கணும் என்பதில்லை. ஜெயமோகன் வெண்முரசை 2014 ஜனவரியில் தன் இணையதளத்தில் ஆரம்பித்து தினம் ஒரு அத்தியாயம் போட்டு 2020இல் 26 நாவலாக முடித்தார். ஆள் அனுப்பக் கூடிய ஆசிரியர் யாரும் இல்லை. பிடிக்குமா பிடிக்காதா என்பது வேறு பேச்சு, நான் எட்டாவதிலேயே நின்றுவிட்டேன். பார்த்தீர்களா, எழுதியவர் முடித்தார், படித்தவன் பாதியில் விட்டான். இதற்கும் ஒரு இழை ஆரம்பிக்கலாம்.


பாதியில் நிறுத்தியவள் | பாகூர்

மூன்று நாளாக இந்த இழையைப் படித்துவிட்டு எழுதாமல் இருந்தேன். மேஸ்திரி என்றதும் சுருக்கென்றது, அதனால் எழுதுகிறேன்.

2019இல் ஒரு கைப்பேசிச் செயலியில் தொடர்கதை எழுதினேன். செவ்வாய் ஒரு அத்தியாயம், வெள்ளி ஒரு அத்தியாயம். எங்கள் ஏரி மாதிரி ஒரு பெரிய ஏரி, ஐப்பசி மழை, நடுராத்திரி யாரோ மதகைத் திறந்துவிடுகிறார்கள். விடிந்தால் கீழ்மடை முழுக்க வெள்ளம், ஒரு சாவு. திறந்தது யார் என்பதுதான் கதை. 41 அத்தியாயம் இருக்கிறது. 42 இல்லை.

என்ன நடந்தது என்றால், 19ஆம் அத்தியாயத்தின் கீழே ஒரு அம்மா, சிரிக்கிற பொம்மை மூன்று போட்டு, யார் திறந்தது என்று எழுதிவிட்டார். சரியாக. என் மனசில் இருந்த அதே ஆள். எனக்குக் கை கால் ஓடவில்லை. இத்தனை சுலபமாக ஊகிக்க முடிகிற கதையையா எழுதுகிறோம் என்று அவமானம். அன்றைக்கே பழியைக் கொழுந்தன் மேல் திருப்பினேன். 20லிருந்து 35 வரை அவன் மேல் சந்தேகம் வருகிற மாதிரி ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனேன், நன்றாகவே வந்தது, வாசகர்கள் கொண்டாடினார்கள். 36இல்தான் தெரிந்தது, 7ஆம் அத்தியாயத்தில் அந்த ராத்திரி அவனை வில்லியனூரில் ஒரு கல்யாண வரவேற்பில் உட்கார வைத்திருக்கிறேன். முந்நூறு பேர் பார்க்க. பாட்டு வேறு பாடியிருக்கிறான்.

கையெழுத்துப் பிரதியாக இருந்தால் 7ஆம் அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டிருப்பேன். ஆயிரக்கணக்கில் படித்துவிட்டார்களே, எப்படி மாற்றுவது? மார்ட்டினுக்கு நடந்ததும் இதுதான் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன், என் அளவில் இல்லை, மலை அளவில். முதலில் மூன்றே புத்தகம் என்றுதான் நினைத்தாராம். மூன்றாவதுக்கப்புறம் கதைக்குள் ஐந்து வருடம் தாண்டிக் குதிப்பது என்று திட்டம் போட்டு, எழுதிப் பார்த்து, சரிவராமல் தூக்கிப் போட்டார். பிறகு ஐந்தாவது புத்தகத்தில் மீரீன் என்கிற ஊருக்குப் பல பேர் வந்து சேர வேண்டும், யார் முதலில் வருவது, யார் பிறகு வருவது என்பதிலேயே வருடக்கணக்கில் மாட்டிக்கொண்டார், மீரீன் முடிச்சு என்று அவரே பெயர் வைத்திருக்கிறார். கட்டடம் கட்டுகிற மாதிரி வரைபடம் போட்டு எழுதுகிறவர்கள் ஒரு விதம், விதை போட்டு என்ன முளைக்கிறது என்று பார்க்கிற தோட்டக்காரர்கள் ஒரு விதம், நான் இரண்டாவது என்பார். தோட்டக்காரரை மேஸ்திரி என்று திட்டினால் எப்படி?

இன்னொன்று. நான் நிறுத்தப் போகிறேன் என்று ஒருநாளும் முடிவெடுக்கவில்லை. "இந்த வாரம் உடம்பு சரியில்லை, அடுத்த வெள்ளி வரும்" என்றுதான் எழுதினேன், அது பொய்யும் இல்லை. அப்படி ஐந்து வெள்ளி போயிற்று. "அக்கா எப்போ?" என்று வருகிற செய்திகள் முதல் மாதம் சந்தோஷமாக இருந்தன. இரண்டாம் மாதம் அந்தச் செயலியின் மணிச் சத்தம் கேட்டாலே வயிற்றைப் பிசைந்தது. பிறகு கைப்பேசியிலிருந்தே எடுத்துவிட்டேன். கெடிலக்கரையான் நடுவாந்தரம் என்றாரே, உள்ளே இருந்து பார்த்தால் அது நடுவாந்தரமாகத் தெரியாது, அடுத்த வெள்ளி நிச்சயம் எழுதிவிடுவோம் என்றுதான் இருக்கும்.


கெடிலக்கரையான் | மஞ்சக்குப்பம், கடலூர்

மேஸ்திரி என்றதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், மன்னிக்கணும்.

இதைப் படித்ததும் ஸ்டீஃபன் கிங் ஒரு முன்னுரையில் எழுதியது ஞாபகம் வந்தது. அவருடைய 'டார்க் டவர்' என்கிற கோபுரத் தொடர் 1982இல் புத்தகமாக ஆரம்பித்து இழுத்துக்கொண்டே போன காலத்தில், புற்றுநோயில் நாட்களை எண்ணிக்கொண்டிருந்த ஒரு பாட்டி கடிதம் போட்டாராம், முடிவை எனக்கு மட்டும் சொல்லு, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று. மரண தண்டனைக் கைதி ஒருவரும் அதே மாதிரி கேட்டிருக்கிறார். சொல்லியிருப்பேன், ஆனால் எனக்கே தெரியாதே என்கிறார் கிங். 1999இல் ஒரு வேன் அவரை இடித்துத் தூக்கிப் போட்டது, சாகப் பிழைத்தார். பிறகு மிச்சத்தை உட்கார்ந்து எழுதி 2004இல் முடித்தார். எல்லாரையும் வேன் இடிக்கணும் என்று சொல்லவில்லை.

அக்கா மகன் விஷயம்: என்னைக் கேட்டதே சும்மா ஒரு மரியாதைக்குத்தான் போலிருக்கிறது. நண்பனிடம் இரவல் வாங்கி நேற்றே 200 பக்கம் தாண்டிவிட்டான். நான் ஒன்றும் சொல்லவில்லை.


முத்தியால்பேட்டை | புதுச்சேரி

படிக்கட்டும். கம்பன் பட்டாபிஷேகத்தோடு நிறுத்திக்கொண்டதற்கு உத்தர காண்டம் பாட ஒட்டக்கூத்தர் வந்தார் என்பார்கள். அந்தப் பையனே ஒருநாள் மூன்றாம் நாளை எழுதினாலும் எழுதுவான்.


ஓ.டி. பையன் | கடலூர் முதுநகர்

எல்லாம் சரி. பாகூர் அக்கா, கேட்கிறேன் என்று தப்பாக நினைக்காதீர்கள். மதகைத் திறந்தது யார்?


பாதியில் நிறுத்தியவள் | பாகூர்

இத்தனை எழுதியும் கடைசியில் அதுதானா!

மாமியார்தான். அந்த அம்மா 19இல் சொன்னது சரி. ஏன் திறந்தாள் என்று நான் வைத்திருந்த காரணம் இப்போது எனக்கே நம்பும்படியாக இல்லை, அதனால் அதைச் சொல்ல மாட்டேன்.


வாடகைநூலகம் | திருப்பாப்புலியூர்

காரணம் இருக்கட்டும் அம்மா, தெரிந்தவரைக்கும் சொல்லுங்கள். கீழ்மடை நிலம் யாருடையது?


பாதியில் நிறுத்தியவள் | பாகூர்

அவள் கூடப்பிறந்த தம்பியுடையது.


கெடிலக்கரையான் | மஞ்சக்குப்பம், கடலூர்

இருங்க இருங்க. அப்போ செத்தது?